மெர்ச்சண்டைசிங்: ஒரு சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சில்லறை வணிக மேலாண்மையும் ஃபேஷன் மெர்ச்சண்டைசிங்கும் படிக்கும் மாணவர்களுக்காக நாம் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலில், மெர்ச்சண்டைசிங் என்பதற்கு நேராக 'வணிகப்படுத்தல்' என்று இட்டிருக்கிறோம். அதை நீக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணிகப்படுத்தல் என்றவுடன் கல்வியையும் மருத்துவத்தையும் காசாக்குவதுதான் படிப்பவர் நினைவுக்கு வருகிறது. ஒரு கடைக்கு எந்தத் துணியை, எந்தெந்த அளவில், எத்தனை உருப்படி, எந்த வாரத்தில், என்ன விலைக்கு எடுத்து வைப்பது என்று முடிவுசெய்யும் வேலை அந்தச் சொல்லில் துளியும் தெரியவில்லை.

கோவையில் இப்பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் நான் காணும் சிக்கல் இதைவிடப் பெரியது. இந்த ஒரு பெயரின் கீழ் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒப்பணக்கார வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ உள்ள ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மெர்ச்சண்டைசர் என்பவர் சரக்கைத் தேர்ந்தெடுத்து, கிளைகளுக்குப் பிரித்தனுப்பி, விற்காததற்கு விலை குறைத்து ஆடிக்குள் தள்ளிவிடுகிறவர். திருப்பூர் ஏற்றுமதி அலுவலகத்தில் அதே பெயருடையவர், வெளிநாட்டுப் பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனம், ஏற்கெனவே தேர்ந்துவிட்ட ஆடையைக் குறித்த நாளில் கப்பலேற்றும்வரை பின்தொடர்கிறவர். விஷுவல் மெர்ச்சண்டைசரோ, பொம்மைக்கு எதை உடுத்துவது, எந்த அலமாரியில் எந்த உயரத்தில் எதை அடுக்குவது என்று பார்க்கிறவர். பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஆடை வடிவமைப்பும் ஃபேஷனும் படித்து முடித்த பிள்ளைகள், முதல் வேலையின் பெயரை நம்பித் திருப்பூருக்குப் போய், துணி தேர்ந்தெடுப்போம் என்று எதிர்பார்த்த இடத்தில் நாளெல்லாம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பது இந்தக் குழப்பத்தால்தான். தமிழில் சொல்லாக்கும் நாமும் அதே குழப்பத்தை மெனக்கெட்டுப் பெயர்த்துத் தர வேண்டியதில்லை.

முதல் வேலைக்கு நான் முன்வைப்பது 'சரக்காண்மை'. அதைச் செய்பவர் 'சரக்காளர்'. மேலாண்மை – மேலாளர், வேளாண்மை – வேளாளர் என்ற வாய்பாடு நம் காதுக்குப் பழகியதே. 'சரக்கு' என்றால் கடைசி வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். சிரிக்கட்டும். 2017 முதல் நாடே கட்டிவரும் வரிக்குச் 'சரக்கு மற்றும் சேவை வரி' என்றுதான் பெயர். ஈரோட்டுச் சந்தைக்குக் கிளம்பும் கடைக்காரரும் "சரக்கெடுக்கப் போறேனுங்க" என்றுதான் சொல்கிறார். சங்க காலத்தில் துணிக்குப் பெயராயிருந்த 'அறுவை'யை மீட்கலாம் என்ற யோசனையும் வந்தது. அறுவை வாணிகர் என்ற பழம்பெயர் எனக்கும் பிடித்ததுதான் என்றாலும், 'அறுவைப் பாடம்' என்று கால அட்டவணையில் எழுதும் துணிவு எந்தத் துறைத்தலைவருக்கும் வராது.

சரக்காண்மையின் நடுநாயகமான கணக்கை ஆங்கிலத்தில் ஓபன் டு பை என்கிறார்கள். அதற்குக் 'கொள்வரம்பு' என்று வைக்கலாம். ஆவணியில் 10 லட்சம் ரூபாய்க்கு விற்கும், தள்ளுபடியில் 1 லட்சம் குறையும், தீபாவளியை எண்ணி மாத முடிவில் 20 லட்சத்துக்கு இருப்பு வேண்டும் என்பது ஒரு கடையின் திட்டமானால், மொத்தத் தேவை 31 லட்சம். மாதத் தொடக்கத்தில் கையிலிருப்பது 22 லட்சம், சொல்லிவிட்டு இன்னும் வந்து சேராதது 5 லட்சம் என்றால், இவ்விரண்டும் போகப் புதிதாக வாங்க எஞ்சுவது விற்பனை விலையில் 4 லட்சம். அந்த 4 லட்சம்தான் கொள்வரம்பு. அதை மீறி வாங்கியவரின் அலமாரியைத் தை மாதத்தில் பார்த்தால் போதும், பாடம் நடத்தவே வேண்டாம்.

மற்றவை எளியவை. அலமாரி அடுக்கும் முறையை வரைந்து கடைக்கு அனுப்பும் தாளுக்கு 'அடுக்குப்படம்' பொருந்தும். ஃபேஷனை ஃபேஷன் என்றே விட்டுவிடலாம். திருப்பூர் வேலைக்கு மட்டும் 'ஆர்டர் பின்தொடர்பாளர்' என்று எழுதி வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. 'ஆணையாளர்' என்றால் மாநகராட்சிக்குப் போய்விடுகிறது.

அன்புடன்,
கோவையிலிருந்து

*

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

சரக்காளர் என்ற சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் திருப்பூர் ஏற்றுமதி மெர்ச்சண்டைசர்களான எங்களைப் பின்தொடர்பாளர் என்று குறிப்பதை ஏற்க இயலவில்லை. விலை சொல்வதே நாங்கள்தான். ஒரு டி-சர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி, நூல் என்ன விலை, நிட்டிங், சாயம், அதில் போகும் கழிவு, தையல் கூலி, லேபிள், பாலிபேக், தூத்துக்குடி வரை வண்டி வாடகை என எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் கம்பெனிக்கு நிற்கும் லாபத்தையும் வைத்துத்தான் பையரிடம் பேசுகிறோம். ஆர்டர் கைக்கு வந்தபின், கப்பல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமிட்ட சிறு துணி மாதிரி) எந்தத் தேதிக்குள் ஓகே ஆக வேண்டும், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி ஆடை) எப்போது போக வேண்டும், கட்டிங் எப்போது தொடங்க வேண்டும் என்று அட்டவணை போடுவதும் நாங்களே. சாயப்பட்டறையில் நான்கு நாள் தாமதமானால், அந்த நான்கு நாளைத் தையலில் ஈடுகட்ட வழி பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சரக்கு விமானத்தில் போகும். தாமதம் எங்கள் பக்கம் என்றால் அந்த வாடகை கம்பெனி தலையில்தான் விழும்.

இன்னொன்று. திருப்பூர்க் கம்பெனிகள் சில உள்நாட்டுக்கெனச் சொந்த பிராண்டும் நடத்துகின்றன. ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை செய்வதுண்டு. ஆகவே எங்களையும் சரக்காளர் என்றே அழைத்து, முன்னால் 'ஏற்றுமதி' என்று சேர்த்துக்கொண்டால் என்ன?

வணக்கத்துடன்,
திருப்பூரிலிருந்து

*

அன்புள்ள தம்பிக்கு,

விலை கணக்கிடுவதை வரையறையில் சேர்த்துக்கொள்கிறேன், பின்தொடர்பாளர் போகட்டும். ஆனால் 'ஏற்றுமதிச் சரக்காளர்' வேண்டாம் என்பதற்கு உங்கள் கடிதமே காரணம் தருகிறது. உங்களுக்கு இழப்பு வருவது நாள் தவறினால், அல்லது பீஸ் தேறாமல் திரும்பினால். கப்பலேறித் தேறிய ஆடை அங்கே விற்காமல் கிடந்தால், அந்தச் சுமை பையருடைய கடையின் மெர்ச்சண்டைசருக்கு. வழக்கமாக அது உங்களைத் தேடி வருவதில்லை. ஒப்பணக்கார வீதியில் இருப்பவருக்கு இது தலைகீழ். சரக்கு இரண்டு நாள் பிந்தி வந்தால் பொறுத்துக்கொள்வார், விற்காமல் கிடந்தால் அவர்தான் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். விற்காத சரக்குக்கு யார் பொறுப்போ அவர் சரக்காளர், குறித்த நாளுக்கு யார் பொறுப்போ அவர் 'ஆர்டர் பொறுப்பாளர்' என்று பிரித்துவிட்டால் மாணவருக்கும் விளங்கும். சொந்த பிராண்டு நடத்தும் கம்பெனியில் இரண்டையும் பார்க்கிறவர் இரண்டு பெயரையும் போட்டுக்கொள்ளலாம். சம்பளமும் அதற்கேற்பக் கேட்கலாம்.

உங்கள் பின்னோக்கிய அட்டவணைக்கு நான் சொல் எதுவும் வைத்திருக்கவில்லை. 'கப்பல்நாள் அட்டவணை' என்று எழுதினால் உங்கள் அலுவலகத்தில் சொல்வார்களா என்று கேட்டுத் தெரிவியுங்கள். சொல்லமாட்டார்கள் என்றால் இந்த அட்டவணையை ஆங்கிலத்தில் குறிக்கும் 'டி அண்ட் ஏ' (டைம் அண்ட் ஆக்‌ஷன்) என்பதையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து