போராட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? எண்ணுகிறவர்கள் இழை

எண்ணிப்பார்:
ஹாங்காங்கில் 2019 ஜூன் 16 ஊர்வலத்துக்கு வந்தவர்கள் ஏற்பாட்டாளர் கணக்கில் கிட்டத்தட்ட 20 லட்சம், போலீஸ் கணக்கில் 3,38,000. ஆறு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்ததும் யாரோ புளுகுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் போலீஸ் சொன்னது உச்ச நேரத்தில், முதலில் திட்டமிட்ட பாதையில் இருந்தவர்களை மட்டும். ஏற்பாட்டாளர் சொன்னது அன்று வந்துபோன எல்லோரையும். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு 300 இலை, அன்று சாப்பிட்டவர்கள் 1,400 என்றால் இரண்டுமே சரியான எண்தான். (அதற்காக அந்த 20 லட்சத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. அது வேறு விஷயம்.)

இந்த இழையில் எழுதுகிறவர்கள் எண்ணோடு சேர்த்து அது பந்திக் கணக்கா, மொத்தக் கணக்கா, எப்படி எடுத்தது, எங்கே சறுக்கும் என்பதையும் எழுதுங்கள். சொந்தக் கதை, கட்சிச் சண்டை வேண்டாம்.

பாலத்தடி:
நகரும் ஊர்வலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று பேர், இரண்டு கிளிக்கர் (ஒருமுறை அழுத்தினால் ஒன்று கூடும் கையடக்கக் கருவி), முக்காலியில் ஒரு கேமரா, ஒரு நடைமேம்பாலம். அவ்வளவுதான் தேவை. பாலம் இல்லாவிட்டால் முதல் மாடி ஜன்னல். ஐந்தாறு மீட்டர் உயரம் சரியாக இருக்கும். அதற்குக் கீழே நின்றால் முன்னால் வருபவர் பின்னால் வருபவரை மறைப்பார். ரொம்ப மேலே போனால் குடை எது தலை எது என்று தெரியாது.

எதிரெதிர் விளக்குக் கம்பங்கள் இரண்டைப் பிடித்து மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கிளிக். திரும்பி வருகிறவரைக் கழிக்க இரண்டாவது ஆள். தொடர்ந்து எண்ணினால் அரைமணியில் கண் பூத்துவிடும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் எண்ணினால் போதும். 3 மணி நேர ஊர்வலத்தில் 36 மாதிரி கிடைக்கும். சராசரி நிமிடத்துக்கு 220 என்றால் 220 × 180 = 39,600.

சறுக்கும் இடங்கள்:

கடிகாரம் சொல்லும் நிமிடத்தில்தான் எண்ண வேண்டும். கூட்டம் திரண்டு வரும்போது கை தானாகக் கிளிக்கருக்குப் போகும். இரண்டு சங்கங்களின் பதாகைகளுக்கு நடுவே சாலை காலியாகக் கிடக்கும் நிமிடத்தை "ஒன்றுமில்லையே" என்று விட்டுவிடுவார்கள். அந்த நிமிடத்துக்குப் பூஜ்யம் என்று எழுதியே ஆக வேண்டும்.

நெருக்கம் அதிகமானால் ஐந்து தலைக்கு ஒரு கிளிக் என்று மாறலாம். மாறிய நேரத்தைத் தாளில் குறிக்காவிட்டால் அன்றைய கணக்கே வீண்.

இரண்டு எண்ணிக்கையாளருக்குள் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டி மறுபடி எண்ணுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிச் சமாதானம் செய்வது எண்ணுவது ஆகாது.

ஒரே இடத்தில் எண்ணினால் அதைத் தாண்டிய பிறகு சேர்ந்தவர்களும், அதற்கு முன்பே கலைந்தவர்களும் விட்டுப்போவார்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பால் யிப் குழு இதற்கு இரண்டு எண்ணுமிடங்களை வைத்தது. இரண்டாவது இடத்தில் சிலரை நிறுத்தி, முதல் இடத்தைத் தாண்டி வந்தீர்களா என்று கேட்க வேண்டும். முதல் இடத்தில் 40,000, இரண்டாவதில் 55,000, கேட்டவர்களில் 60 சதவீதம் பேர் ஆமாம் என்றால் புதிதாகச் சேர்ந்தவர்கள் 22,000. ஆக மொத்தம் 62,000. இரண்டு இடத்துக்கும் நடுவே சேர்ந்து நடுவிலேயே கழன்றவர்கள் இதிலும் சிக்க மாட்டார்கள். அதனால் எண்ணுமிடங்களைப் பெரிய ரயில் நிலையங்களின் இருபுறமும் வைக்காமல், ஆட்கள் வந்து சேரும் இடங்களைத் தாண்டி வையுங்கள்.

2019 ஜூலை 1 ஊர்வலத்தில் அதே நகரத்தில் நடைமேம்பாலங்களில் ஐபேடு கட்டி, செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் எண்ணினார்கள். வந்த எண் 2,65,000. ஏற்பாட்டாளர் சொன்னது 5,50,000. போலீஸின் உச்ச நேரக் கணக்கு 1,90,000.

சதுரமீட்டர்:
பாலத்தடி அண்ணன் நகரும் கூட்டத்தை முடித்துவிட்டார். நிற்கும் கூட்டத்துக்குப் பரப்பையும் அடர்த்தியையும் பெருக்குவதுதான் வழி. 1960களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேகப்ஸ், மாணவர் போராட்டம் நடந்த சதுக்கத்தின் தரையில் இருந்த கட்டங்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார். தளர்ந்த கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருங்கிய கூட்டத்தில் 4.5, திணறும் கூட்டத்தில் 2.5. மீட்டரில் சொன்னால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.1, 2.4, 4.3 பேர்.

தப்பு எப்போதும் பெருக்கலில்தான். 400 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள சாலை. மேடைக்கு முன் நின்று படமெடுத்தவர் "சதுர மீட்டருக்கு 4 பேர், 8,000 சதுர மீட்டர், ஆக 32,000" என்பார். அதே சாலையை மூன்றாக வெட்டிப் பாருங்கள். மேடையை ஒட்டிய 50 மீட்டரில் மேடை, தடுப்பு, வண்டிகளுக்கு 300 சதுர மீட்டர் போக மிச்சம் 700. அங்கே 4 வீதம் 2,800 பேர். அடுத்த 150 மீட்டரில் 2 வீதம் 6,000. கடைசி 200 மீட்டரில் 0.7 வீதம் 2,800. கூட்டினால் 11,600. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! பின்னால் நிற்கிறவர்கள் டீ குடிக்கவும் போன் பேசவும் இடம் விட்டு நிற்பார்கள். முன்னாலிருந்து எடுத்த சாய்வான படம் அந்த இடைவெளியை விழுங்கிவிடும்.

டிரோன் என்றால் கேமரா நேர் கீழே பார்க்க வேண்டும். மரம் உள்ள சாலையில் இலைக்கு அடியில் நிற்பவர்களைப் பக்கத்துத் திறந்தவெளியின் அடர்த்தியை வைத்து நிரப்பாதீர்கள். வெயில் நாளில் நிழலில்தான் கூட்டம் அதிகம். கீழே ஓர் ஆளை அனுப்பி, 10 × 10 மீட்டர் கட்டம் இரண்டு மூன்றில் தலையெண்ணச் சொல்லுங்கள்.

கும்மிடி:
எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அது சதுர மீட்டருக்கு எத்தனை?

சதுரமீட்டர்:
நிஜமாகவே எள் விழாவிட்டால் ஆறேழு பேர். அந்த நெருக்கத்தில் கையைத் தூக்கிக் கோஷம் போட முடியாது, யாராவது விழுந்தால் எழுந்திருக்கவும் முடியாது. கோஷம், கொடி, நடை எல்லாம் இருக்கிறது என்றால் 4க்குக் கீழேதான். நடந்துகொண்டே இருக்கும் ஊர்வலத்துக்கு யாராவது 5 என்று போட்டால் அந்த அறிக்கையை அங்கேயே மூடிவிடலாம்.

பாலத்தடி:
இன்னொரு சோதனை. பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி நூல், சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் வரை கடக்கலாம் என்கிறது. 20 மீட்டர் சாலையில் மணிக்கு 98,400. எட்டு மணி நேரம் இடைவிடாமல் போனாலும் 8 லட்சத்தைத் தொடாது. ஊர்வலம் அடிக்கடி நிற்கும், கோஷத்துக்குத் தேங்கும்; நிஜத்தில் பாதி கூட வராது. ஒரே சாலையில், நாலு மணி நேரத்தில் பத்து லட்சம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைக் காட்டுங்கள். ஹாங்காங் ஜூன் 16க்கு இதை அப்படியே போட முடியாது. பக்கத்துச் சாலைகளிலும் கூட்டம் வழிந்தோடியது.

மெழுகுவத்தி:
கொரியா உதாரணம் இல்லாமல் இந்த இழை நிறையாது. 2016 டிசம்பர் 3, அதிபர் பாக் குன்-ஹே பதவி விலகக் கோரிய மெழுகுவத்திப் போராட்டம். நாடு முழுக்க 23 லட்சம் என்றது ஏற்பாட்டாளர் தரப்பு. போலீஸ் எண் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஏற்பாட்டாளர்கள் வந்துபோன மொத்தத்தை எடுத்தார்கள், போலீஸ் ஒரு நேரத்து உச்சத்தை எடுத்தது. போலீஸ் சூத்திரம் பியோங் என்ற பழைய நில அளவில், அதாவது 3.3 சதுர மீட்டரில், உட்கார்ந்தால் ஐந்தாறு பேர், நின்றால் ஒன்பது பத்து பேர். மாலையில் வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைந்த கூட்டத்தில் உச்சக் கணக்கு மொத்தத்தில் கால்வாசி, அரைவாசி என்று நிற்பது இயல்பு. சர்ச்சை முற்றி, 2017 ஜனவரியில் போலீஸ் தன் மதிப்பீட்டை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

சியோலில் சுரங்க ரயில் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அன்று அந்த நிலையங்களில் இறங்கியவர்களிலிருந்து வழக்கமான சனிக்கிழமை எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். இறங்கியதையும் ஏறியதையும் கூட்டிவிட்டால் ஒரே ஆள் இரண்டு முறை வருவார். இந்தத் தவறு அச்சில் வரும் செய்திகளிலும் உண்டு.

கழுகுக்கண்:
போலீஸ் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும் என்று நம்புகிறவர்கள் பிரேசிலைப் பாருங்கள். 2016 மார்ச் 13, சாவ் பாலோவின் பாலிஸ்தா அவென்யூவில் அதிபர் தில்மா ரூசெஃபுக்கு எதிரான கூட்டம். டேட்டாஃபோல்யா என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 5 லட்சம் என்றது. மாநிலப் போலீஸ் 14 லட்சம். ஏற்பாட்டாளர் 25 லட்சம். 2024 பிப்ரவரி 25, அதே சாலையில் முன்னாள் அதிபர் பொல்சனாரோவின் கூட்டம்: டிரோன் படத்தை மென்பொருளால் எண்ணிய சாவ் பாலோ பல்கலைக்கழகக் குழுவுக்கு 1,85,000, மாநிலப் பாதுகாப்புத் துறைக்கு 6 லட்சம். மாநில அரசு யார் பக்கம் என்று பார்த்தால் எண் எந்தப் பக்கம் சாயும் என்பது முன்கூட்டியே தெரியும்.

பாரிஸ் கதை வேறு மாதிரி. 2018 மார்ச் 22 ஊர்வலத்தில் ஊடகங்கள் கூட்டாக அமர்த்திய ஒக்யூரன்ஸ் நிறுவனத்தின் எண் 47,800. போலீஸ் எண் 49,000. சி.ஜி.டி. தொழிற்சங்கத்தின் எண் 65,000. சென்சார் வைத்து எண்ணிய நிறுவனமும் கிளிக்கர் வைத்து எண்ணிய போலீஸும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றார்கள். சென்சாரை மட்டும் நம்பிவிடக் கூடாது. நெருக்கமான நேரத்தில் அது இரண்டு பேரை ஒருவராக்கும். ஊர்வலம் தளர்வாக, நெருக்கமாக இருக்கும் சில துண்டுகளை வீடியோவில் கையால் எண்ணி, அந்த விகிதத்தால் சென்சார் எண்ணைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் இல்லாத சென்சார் எண் யாருக்கும் பிரயோஜனமில்லை.

வாஷிங்டனில் 1995 'மில்லியன் மேன் மார்ச்' (பத்து லட்சம் ஆண்கள் பேரணி) முடிந்ததும் அமெரிக்க அரசின் தேசியப் பூங்காச் சேவை 4 லட்சம் என்றது. ஏற்பாட்டாளர் வழக்குப் போடுவேன் என்றார். பாஸ்டன் பல்கலைக்கழகம் படங்களை மறுபடி எண்ணி 8,37,000 என்றது, 20 சதவீதம் முன்னே பின்னே. அதன் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், பூங்காச் சேவையின் எண்ணும் வேலைக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது.

குறிப்பேடு:
களத்துக்கே போகாமல், செய்திகளிலிருந்து அட்டவணை தயாரிக்கிறவர்களுக்கு. உலகளாவிய தரவுகளில், போராட்டங்களையும் மோதல்களையும் செய்திகளிலிருந்து தொகுக்கும் ஆக்லெட் (ACLED), ஒவ்வொரு போராட்ட நிகழ்வோடும் கூட்ட அளவைச் செய்தியில் உள்ளபடியே போடுகிறது. செய்தியில் இல்லாவிட்டால் "தகவல் இல்லை" என்று எழுதுகிறது. இந்தத் "தகவல் இல்லை"யைப் பூஜ்யம் என்று எடுத்துச் சராசரி போட்டவர்கள் உண்டு. கூட்டம் சிறியதாக இருப்பதால்தான் பல நேரம் எண் வருவதில்லை என்பதால், அந்த வரிகளைத் தூக்கிவிட்டாலும் சராசரி வீங்கும். எதைச் செய்தாலும் அட்டவணைக்கு அடியில் எழுதுங்கள்.

அடுத்தது சொற்கள். "நூற்றுக்கணக்கானோர்" என்றால் குறைந்தபட்சம் 200, "ஆயிரக்கணக்கானோர்" என்றால் 2,000 என்று ஒரு விதியை முதல் நாளே முடிவு செய்து, கடைசி வரி வரை மாற்றாதீர்கள். நம் பத்திரிகைகளின் "திரளானோர்", "ஏராளமானோர்", "அலைகடலென" எல்லாம் தகவல் இல்லை கணக்கில்தான் போகும். குறைந்த எண், அதிக எண் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். 2017 ஜனவரி 21 அமெரிக்கப் பெண்கள் பேரணிக்கு அரசியல் ஆய்வாளர்கள் எரிகா செனோவெத்தும் ஜெரெமி பிரெஸ்மனும் ஊர் ஊராகச் சேர்த்த பொது அட்டவணை அப்படிப்பட்டது. அதனால்தான் அமெரிக்கா முழுக்க 33 லட்சத்திலிருந்து 52 லட்சம் வரை என்று அவர்களால் ஒரு வீச்சாகச் சொல்ல முடிந்தது.

கருத்துக்கணிப்பைக் கலக்கும்போது கேள்வியைப் படியுங்கள். உலக மதிப்புகள் ஆய்வு வாழ்நாளில் எப்போதாவது ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டீர்களா என்று கேட்கிறது. ஐரோப்பிய சமூக ஆய்வு கேட்பது கடந்த 12 மாதத்தை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு "நாடு கொந்தளிக்கிறது" என்று எழுதினால் கொந்தளிப்பது கேள்வித்தாள்தான்.

கும்மிடி:
மக்கள் தொகையில் 3.5 சதவீதம் தெருவுக்கு வந்தால் ஆட்சி கவிழும் என்கிறார்களே, அது எந்தக் கணக்கு?

குறிப்பேடு:
பந்திக் கணக்குக்குப் பக்கத்தில் வரும். செனோவெத் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களின் தரவிலிருந்து சொன்னது அது. உச்சக் கட்டப் பங்கேற்பை மட்டும் எடுத்தது. பத்து வாரம் 50,000 பேர் வந்தார்கள், ஆக 5 லட்சம் என்று கூட்டி 3.5ஐத் தொட்டுவிட்டோம் என்பது செல்லாது. அதே 50,000 பேர்தான் பத்து வாரமும் வந்திருப்பார்கள். விதிவிலக்கும் உண்டு. 1962 புருனே, 2011 பஹ்ரைன் இரண்டிலும் அந்த அளவைத் தாண்டியும் தோற்றார்கள். நடந்து முடிந்தவற்றில் கண்ட போக்கு அது, வரப்போவதற்கு உத்தரவாதம் கிடையாது என்று அவரே பின்னால் எழுதினார்.

கும்மிடி:
கடைசியாக ஒன்று. மெரினா, காலிமுகத்திடல் மாதிரி நாள்கணக்கில் உட்காரும் போராட்டத்தில் கோடும் இல்லை, உச்சமும் நாளுக்கு நாள் மாறும். அங்கே மொத்தம் எப்படி?

சதுரமீட்டர்:
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், தலைக்கணக்கு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 2ஆல் பெருக்கிக் கூட்டினால் ஆள்-மணி வரும். ஒரு நாளுக்கு 96,000 ஆள்-மணி என்று வையுங்கள். ஓர் ஆள் சராசரியாக எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதால் வகுத்தால் அன்று வந்தவர்கள் எண்ணிக்கை. இங்கேதான் தேர்ந்தவர்களும் வழுக்குவார்கள். திடலில் இருப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் 2 மணி நேரம், பாதிப் பேர் 10 மணி நேரம் என்பார்கள். சராசரி 6, ஆக 16,000 பேர் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 10 மணி நேரம் இருப்பவர் உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு 2 மணி நேரக்காரரைவிட ஐந்து மடங்கு. ஆள்-மணியைப் பாதியாகப் பிரித்து வகுங்கள்: 48,000 ÷ 2 = 24,000, 48,000 ÷ 10 = 4,800. மொத்தம் 28,800. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் கேள்வியைத் திடலுக்குள் கேட்காமல், வெளியேறும் வழியில் நின்று, போகிறவர்களிடம் கேளுங்கள். அப்போது சாதாரண சராசரியே போதும். வெளியேறும் வழிகள் எல்லாவற்றிலும் ஆள் நிறுத்த வேண்டும். பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கத்தில் மட்டும் நின்றால் வெகு தூரத்திலிருந்து வந்து நெடுநேரம் இருந்தவர்களே அதிகம் சிக்குவார்கள்.

கும்மிடி:
ராத்திரி 2 மணிக்குப் படுத்துத் தூங்குகிறவர்களையும் எண்ணணுமா?

சதுரமீட்டர்:
எண்ணணும். போர்வைக்குள் ஒருவரா இருவரா என்பதற்குத்தான் விடியற்காலை 5 மணிக் கணக்கு.