இன ஒதுக்கீடும் வீட்டு விலையும்: ஒற்றுமைக்கான செலவை யார் ஏற்பது?

தெம்பனிஸ்வாசி:
சிங்கப்பூரின் பொருளியல் வளர்ச்சிக்கு இன நல்லிணக்கம்தான் அடித்தளம் என்று பள்ளி நாளிலிருந்தே கேட்டு வருகிறோம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்லிணக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித் தரும் அரசு வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989 மார்ச் முதல் ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. புளோக் அளவில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 (2010 வரை 13). ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டதென்றால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. குடியிருப்பாளர்களில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பேர் சீனர்கள். ஆக, வாங்க வரக்கூடியவர்களில் பெரும்பங்கு முதலிலேயே கழிந்துபோகிறது. அதே மாடியில் அதே அளவு வீடு வைத்திருக்கும் சீனர் இன்னொரு சீனருக்கு விற்றால் கணக்கு மாறாது, அவருக்குத் தடையில்லை.

நம்மில் பெரும்பாலோரின் மசேநி (மத்திய சேம நிதி) சேமிப்பு வீட்டில்தான் போயிருக்கிறது. வயதான காலத்தில் சின்ன வீட்டுக்கு மாறி மிச்சப் பணத்தில் வாழலாம் என்று கணக்குப் போட்டவர்கள் பலர். ஒற்றுமை எல்லாருக்கும் பொதுவான நன்மை என்றால் அதற்கான செலவும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? எதிர்க்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பிடோக்_பெரியவர்:
தம்பி, செலவு பற்றிப் பேசுகிறீர்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன செலவு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1964ல் ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இரண்டு சீன-மலாய்க் கலவரங்களில் 36 பேர் இறந்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் காயம். எனக்கு அப்போது ஒன்பது வயது, கேலாங் சிராய் பக்கத்தில் இருந்தோம். ஊரடங்கு என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அப்பா நாட்கூலிக்காரர். ஊரடங்கு நாட்களில் வீட்டில் சம்பளம் இல்லை. பொருளாதார இழப்பு என்பது எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்தான்.

அடுத்த விஷயம். வீவக ஆரம்பத்தில் புதிய வீடுகளைக் கொடுக்கும்போதே எல்லா இனத்தவரும் கலந்து இருக்கும்படி கொடுத்தது. மறுவிற்பனை பெருகியதும் மக்கள் திரும்பவும் தங்கள் இனத்தார் இருக்கும் இடமாகப் பார்த்துத் திரள ஆரம்பித்தார்கள். 1980களின் கடைசியில் பிடோக்கிலும் தெம்பனிஸிலும் மலாய்க்காரர் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள், ஹவ்காங்கில் சீனர் 90 விழுக்காட்டுக்கு மேல். அதைப் பார்த்துத்தான் அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த தனபாலன் இந்தக் கொள்கையைக் கொண்டுவந்தார். பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்தவர் அல்ல அவர். விட்டிருந்தால் வட்டாரம் பிரியும், அதைத் தொடர்ந்து தொடக்கப்பள்ளி பிரியும், சந்தை பிரியும்.

இன்று என் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்த் திருமணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம். இரண்டும் நெருங்கி வந்தால் பேசி ஒத்துப்போகிறார்கள். இந்தப் பழக்கம் தானாக வந்ததல்ல.

எண்கள்முக்கியம்:
ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை. ஆனாலும் காரணகாரியத்தில் எனக்கு ஒரு சந்தேகம். கொள்கை வந்தது 1989ல். வளர்ச்சி அதற்கு முன்பே வந்துவிட்டது. டச்சுப் பொருளியல் வல்லுநர் வின்செமியஸ் தலைமையில் ஐநா குழு 1960ல் வந்தது, பொருளியல் வளர்ச்சிக் கழகமும் ஜூரோங் தொழிற்பேட்டை வேலைகளும் 1961ல் தொடங்கின. 1960களின் கடைசியிலிருந்து அந்நிய மின்னணு நிறுவனங்கள் வரிசையாக ஆலை போட்டன. இதில் புளோக்கில் யார் பக்கத்தில் யார் இருந்தார் என்பதற்கு என்ன பங்கு?

திருப்பிப் பார்த்தால் இன்னும் பொருத்தமாக இருக்கிறது. வேலையும் வீடும் எல்லா இனத்தவருக்கும் கிடைத்ததால் சண்டை ஓய்ந்தது. வளர்ச்சி முதலில், ஒற்றுமை பிறகு. அப்படியென்றால் அரசு கவனம் செலுத்த வேண்டியது சம்பளத்திலும் வேலையிலும்தான், வீடு விற்பவரின் இனத்தில் இல்லை.

உட்லண்ட்ஸ்_அக்கா:
எண்கள் தம்பி, 1989க்கு முன்னால் ஒற்றுமைக்காக அரசு எதுவும் செய்யாதது போல எழுதிவிட்டீர்கள். 1972ல் தேசிய சம்பள மன்றம் வந்தது. முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசு மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சம்பள உயர்வை முடிவு செய்தார்கள். 1985ல் பொருளியல் சரிந்தபோது, அடுத்த ஆண்டு முதலாளிகளின் மசேநி பங்கை 25 விழுக்காட்டிலிருந்து ஒரேயடியாக 10 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். தொழிலாளியின் சேமிப்பில் நேரடியாக விழுந்த வெட்டு அது. இன்னொரு நாடாக இருந்தால் தெருவில் இறங்கியிருப்பார்கள். இங்கே தாங்கிக்கொண்டார்கள், பொருளியலும் சீக்கிரம் எழுந்தது. நல்ல காலம் வந்தால் நமக்கும் பங்கு உண்டு என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த நம்பிக்கை ஒரு பொருளாதார வளம்.

எண்கள்முக்கியம்:
அக்கா, அதை நம்பிக்கை என்று மட்டும் சொல்வது சரியில்லை. சங்கங்களின் கூட்டமைப்பான தேசிய தொழிற்சங்க காங்கிரசும் ஆளும் கட்சியும் எவ்வளவு நெருக்கம் என்பது ஊரறிந்தது. 1968ன் வேலை நியமனச் சட்டமும் அதே ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தில் செய்த திருத்தமும் சங்கங்கள் பேரம் பேசக்கூடிய விஷயங்களையே சுருக்கிவிட்டன. எதிர்த்துப் பேச வழி குறைவாக இருந்த இடத்தில் அமைதியைப் பார்த்து ஒற்றுமை என்று எப்படி முடிவுகட்டுவது?

வீட்டு ஒதுக்கீட்டிலும் இதே கேள்வி உண்டு. சிறுபான்மையினரை எல்லா இடத்திலும் சீராகப் பரப்பிவிட்டால் எந்தத் தொகுதியிலும் அவர்கள் ஓட்டு தனியாக எடைபோடாது. 1988ல் குழுத்தொகுதி (பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் தொகுதி), 1989ல் ஒதுக்கீடு. குழுத்தொகுதி சிறுபான்மை வேட்பாளருக்கு இடத்தை உறுதி செய்கிறது, ஆனால் அந்த இடம் பெரும்பான்மை வாக்குகளால் கிடைக்கும் இடம். நன்மை இல்லை என்று சொல்லவில்லை, இதையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
சேர்க்கிறேன். ஆனால் மலாய்க்காரர்கள் மட்டும் வாழும் வட்டாரம், அவர்களுக்கென்று தனி ஓட்டு என்று போயிருந்தால் அது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று 1964ஐ நினைத்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. பிரச்சினை கலந்து வாழ்வதில் இல்லை, ஒதுக்கீடு எட்டாத இடங்களில் இருக்கிறது. முழு வீட்டை வாடகைக்குத் தேடிய காலத்தில், தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் "சமைப்பீர்களா?" என்று அடுத்த கேள்வி வரும். வீட்டுக்காரர் இந்தியர் வேண்டாம் என்கிறார் என்று முகவர் கூசாமல் சொல்வார். வாங்கும் வீட்டில் விழுக்காடு பார்க்கும் நாடு, வாடகை விளம்பரத்தில் இதை இத்தனை காலம் சகித்துக்கொண்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜொகூர்காரன்:
பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு வந்ததுதான் புதிய பொருளாதாரக் கொள்கை. இரண்டு நோக்கம் சொன்னார்கள்: இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. முதல் நோக்கத்தில் பெரிய வெற்றி. தீபகற்பத்தில் 1970ல் 49 விழுக்காடாக இருந்த வறுமை 1990க்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதை யாரும் மறைக்கக் கூடாது.

ஆனால் தோட்டத்துத் தமிழர்களைப் பாருங்கள். நிலக் குடியேற்றத் திட்டங்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களுக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் நிலமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நகர ஓரத்துக்குப் போனார்கள். 2007 நவம்பரில் கோலாலம்பூர் வீதியில் இந்தியர் உரிமை கேட்டு ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் பலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். அந்தக் கொள்கைக்கு 1990 என்று கெடு இருந்தது. கெடு வந்ததும் வேறு பெயரில் தொடர்ந்தது. இனத்தை அளவுகோலாக வைக்கும் எந்தத் திட்டமும் தானாக முடிந்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஒதுக்கீட்டுக்குக் கெடு ஏதாவது உண்டா?

பிடோக்_பெரியவர்:
ஜொகூர் தம்பி, இரண்டும் ஒன்றல்ல. உங்கள் ஊரில் ஒரு சமூகத்துக்குச் சலுகை. இங்கே எல்லா இனத்துக்கும் வரம்பு, பெரும்பான்மைக்கும் சேர்த்து. ஹவ்காங்கில் வீடு வாங்க விரும்பிய சீனரும் தடுக்கப்பட்டார். கெடு வைத்தால், கெடு முடியும் ஆண்டுக்காகக் காத்திருந்து மக்கள் திரும்பத் திரள்வார்கள்.

துவாஸ்_விடுதி:
வணக்கம் அண்ணன்களே, அக்கா. நான் புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. இங்கே ஒற்றுமை, பொருளாதாரம் என்று பேசும்போது எங்களைச் சேர்த்துப் பேசுகிறீர்களா என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் விற்கிற வீட்டைக் கட்டுவது நாங்கள். கட்டுமானத்தில் வொர்க் பெர்மிட்டில் இருக்கும் மலேசியர் அல்லாதவர் வீவக வீட்டில் ஒரு அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. சட்டமே அப்படி. அதனால் 87, 25, 15 என்ற கணக்கில் நாங்கள் எந்த எண்ணிலும் இல்லை. 2020ல் தொற்று வந்தபோது தங்கும் விடுதிகளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இருந்தோம். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துவிட்டது என்று அரசே அறிவித்தது. வெளியே கடைகள் திறந்த பிறகும் நாங்கள் உள்ளேதான். நாங்கள் உள்ளே இருந்ததால் கட்டுமானம் நின்றது, உங்களுடைய புதிய வீடுகளும் தாமதமாயின. நாங்கள் ஒதுங்கி இருந்தாலும் பொருளாதாரம் எங்களோடு சேர்த்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தின் அடியில் சிக்கி இறந்து கலவரமானது. அதற்குப் பிறகு மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது, விடுதிகளுக்குப் பக்கத்தில் பொழுதுபோக்கு நிலையங்கள் வந்தன. வசதிதான், நன்றி சொல்கிறேன். ஆனால் ஊருக்குள் வராமல் அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்றுதான் எனக்கு அது கேட்டது.

எண்கள்முக்கியம்:
உங்கள் சிரமம் உண்மையானது, அண்ணே. ஆனால் இந்த விவாதம் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பற்றியது. தற்காலிக வேலைக்கு வருபவர்களின் தங்குமிடம் தொழிலாளர் நலக் கேள்வி. இரண்டையும் கலந்தால் எதற்கும் விடை கிடைக்காது.

துவாஸ்_விடுதி:
தற்காலிகம் என்கிறீர்கள். என் அறையில் பதினைந்து வருடம் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய புளோக்கில் பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
தம்பி சொல்வது கேட்க வேண்டிய விஷயம், அதைத் தனிக் கேள்வி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரராகப் பார்க்காதவரைப் பற்றி மக்கள் எதையும் நம்பிவிடுவார்கள். 2008ல் சிராங்கூன் கார்டன்ஸில் தொழிலாளர் விடுதி வரப்போகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். கடைசியில் விடுதிக்குத் தனிப் பாதையும் போட்டார்கள். கலந்து வாழ்ந்தால் பகை குறையும் என்று பெரியவர் சொல்வது உண்மையென்றால், கலக்க விடாத இடத்தில் எதிரானதுதான் நடக்கும். கொள்கையின் நியாயத்தை அதன் சொந்த வாதமே இங்கே கேள்வி கேட்கிறது.

பிடோக்_பெரியவர்:
ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. லாரியின் பின்னால் அவர்களை உட்காரவைத்து ஏற்றிப்போவதை முதலில் நிறுத்த வேண்டும். அதற்கு விழுக்காடு எதுவும் தேவையில்லை.

தெம்பனிஸ்வாசி:
நான் தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். செலவு யாருடையது என்பதில் அரசே ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. ஒதுக்கீட்டால் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை 2022 ஜனவரி முதல் வீவகவே வாங்கிக்கொள்கிறது. வீடு குறைந்தது பத்து ஆண்டு கையில் இருந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது முயன்று விற்க முடியாமல் போயிருக்க வேண்டும். பாதிப்பு உண்டு, அதைப் பொதுப் பணத்தில் சரிசெய்யலாம் என்று ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டாம் ஆண்டில் வேலை போய் விற்க நேர்ந்தவருக்கும், மணமுறிவால் விற்க நேர்ந்தவருக்கும் இது உதவாது. ஆறு மாதத்துக்குள் குறைந்த விலைக்கு விற்றுவிட்டவருக்கும் ஒன்றுமில்லை. என் யோசனை: வீடு யாருக்கு விற்றாலும், அதே புளோக்கில் தடையில்லாத வீடு போகும் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு விற்பவரிடம் கொடுக்கட்டும்.

எண்கள்முக்கியம்:
அந்த வித்தியாசத்தை எப்படி அளப்பீர்கள்? மாடி, திசை, புதுப்பிப்பு, எம்ஆர்டி ரயில் நிலையத் தூரம் எல்லாம் விலையை மாற்றும். விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொண்டு விலையைக் குறைத்துக் காட்டி அரசிடம் மீதியை வாங்கலாம். அதைவிட எளிய வழி, புளோக் வரம்பை எடுத்துவிட்டு வட்டார வரம்பை மட்டும் வைப்பது. பள்ளியும் சந்தையும் வட்டார அளவில்தான் கலக்கின்றன என்று ஐயாவே சொன்னார்.

பிடோக்_பெரியவர்:
நான் கீழ்த்தளத்தையும் சொன்னேன். மின்தூக்கியில் தினமும் பார்க்கும் முகம்தான் ஆபத்துக்கு வந்து கதவைத் தட்டும். புளோக் வரம்பைத் தொடாதீர்கள். பணம் கொடுப்பதென்றால் கொடுக்கட்டும். அளப்பது கடினம் என்றால் வீவக ஏற்கெனவே மறுவிற்பனைக்கு மதிப்பீடு செய்கிறது, அதையே அடிப்படையாக வைக்கலாம்.

எண்கள்முக்கியம்:
மதிப்பீட்டை அடிப்படையாக வைத்தால் ஏமாற்று குறையும், சரி. ஆனால் கேட்கிற விலை கிடைக்கவில்லை என்பவர்களுக்கெல்லாம் கொடுப்பீர்களா? எத்தனை பேர் என்று தெரியாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெம்பனிஸ்வாசி:
நியாயமான கேள்வி. நம்மால் முடிந்த அளவு பார்ப்போம். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்தால் எந்த இனத்தவர் அங்கே வாங்கலாம், விற்கலாம் என்று காட்டும், மாதத்தின் முதல் நாளில் அது புதுப்பிக்கப்படும். உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து இங்கே போடுங்கள். வட்டாரம் மட்டும் போதும், வீட்டு எண் வேண்டாம். கடந்த ஓராண்டில் விற்ற சிறுபான்மைக் குடும்பங்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் அடுத்த மக்கள் சந்திப்புக்கு இந்தப் பட்டியலோடு போகலாம் என்று இருக்கிறேன். பெரியவர் சொன்ன லாரி விஷயத்தையும் அதே கடிதத்தில் சேர்க்கிறேன், யாருக்கும் ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.