சுரப்புத்தொகுதியா, சுரப்புத்தொகையா?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் துண்டுப்பிரசுரத்தில் வரும் செக்ரீற்றோம் (secretome), அதாவது ஒரு கலம் (செல்) வெளிவிடும் அத்தனையும், என்பதற்குச் 'சுரப்புத்தொகுதி' என்று ஐயா முன்மொழிந்திருந்தார். தமிழ்நாட்டில் அது பொருந்தக்கூடும். உடலின் 'சிஸ்டம்' அங்கே பாடநூலில் மண்டலம்: நரம்பு மண்டலம். இங்கே இலங்கையில் எங்கள் பிள்ளைகள் படிப்பது நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி. கொழும்பில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளையிடம் சுரப்புத்தொகுதி என்றால் தைரொயிட்டும் கபச் சுரப்பியும்தான் நினைவுக்கு வரும். மூலச்சொல்லோ 2000 ஆம் ஆண்டில் பற்றீரியா ஆய்வில் பிறந்தது. பற்றீரியாவுக்குச் சுரப்பி ஏது?

ஆகவே 'சுரப்புத்தொகை' என்போம். எட்டுத்தொகையில் இருக்கும் அதே தொகை. மரபணுத்தொகையில் (ஜீனோம்) ஏற்கெனவே பழகியது. கலம் வெளிவிடும் புரதங்கள், வளர்ச்சிக் காரணிகள், நுண்குமிழிகள் அத்தனையும் அதற்குள் அடங்கும்.

இதில் நான் இவ்வளவு மினக்கெடுவதற்குக் காரணம் உண்டு. போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, 'ஸ்டெம் செல்' என்று எழுதிய சின்னத் தோற்பூச்சுக் குப்பியொன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதுக்குள்ள அந்தக் கலம் உயிரோட கிடக்கோ, பிள்ளை?" மாதக்கணக்கில் கடைத் தட்டில் இருக்கும் குப்பிக்குள் கலம் உயிர்வாழாது. ஆய்வுகளில் தோலின் நிறத்தோடு விளையாடுவது பெரும்பாலும் கலமல்ல, அது சுரந்துவிட்டவை. அதைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் நான் தடுமாறினேன்.

நிறமிக்கலம் ஒன்று ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்கு மெலனின் என்ற நிறமியைக் கொடுக்கிறது. மெலனின் உண்டாவதைத் தொடக்கிவைப்பது தைரோசினேசு நொதியம். கொழுப்பிழையத்திலிருந்து எடுத்த குருத்துக்கலங்கள் (ஸ்டெம் செல்) சுரக்கும் உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா-1 அந்த நொதியத்தைக் குறைக்கிறது; நிறம் மங்குகிறது. ஆனால் அதே கலங்கள் சுரக்கும் வேறு காரணிகள் நிறமிக்கலத்தைத் தூண்டவும் வல்லவை. எனவே செக்ரீற்றோமுக்கு 'வெளுப்பாக்கும் சுரப்பு' என்று வந்த பரிந்துரையை நான் அடியோடு மறுக்கிறேன்.

கலங்களை ஓரிரு நாள் வளர்த்து, பிறகு அவற்றை நீக்கிவிட்டு எடுக்கும் ஊடகத்துக்கு (conditioned medium) 'ஊறல்நீர்' என்றொரு முன்மொழிவு இருந்தது. வெந்தயம் ஊறிய தண்ணீர்போல அழகான சொல். தோலைப் பற்றிய பேச்சிலோ அது அரிப்பைக் குறிக்கும் 'ஊரல்' என்றே காதில் விழும். 'சாரமேறிய ஊடகம்' போதும். ஸ்டெம் செல்லைத் தண்டுக்கலம் என்றால் செடித்தண்டு குறுக்கே வருகிறது. குருத்துக்கலம் என்றால் பனங்குருத்தைக் கண்ட எவருக்கும் விளங்கும்.

துண்டுப்பிரசுரத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "குருத்துக்கலத்தின் சுரப்புத்தொகை, நிறமிக்கலத்தைத் தூண்டவும் தணிக்கவும் கூடும்." எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.