மறு: 'புரோட்டோடைப்' – கழற்றிப் பூட்டும் வில்லுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் சிலர் வில்லுப்பாட்டு வில்லைக் கழற்றிப் பூட்டும்படி செய்து பார்க்கிறார்கள். அதைப் பற்றிய அறிக்கையைத் தமிழில் எழுத நான் உதவுகிறேன். புரோட்டோடைப்புக்கு, அதாவது சோதித்துப் பார்க்க முதலில் செய்யும் உருவுக்கு, 'முன்மாதிரி' போதுமே என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அது சரிப்படவில்லை. முன்மாதிரிப் பள்ளி, முன்மாதிரி ஊராட்சி என்று படித்துப் படித்து, பார்த்துப் பின்பற்ற வேண்டியது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. இவர்கள் செய்து வைத்திருப்பதையோ தட்டிப் பார்த்து, குறை சொல்லி, பிரித்து மாற்ற வேண்டும். 'மூலப்படிவம்' இன்னும் சிக்கல். வில்லுக்கு மூலம் என்றால் பனையில் செய்த பழைய வில்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வில் 10 அடி அளவுக்கு நீளும். பேருந்தில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு கோயில் கொடை விழாவுக்கும் வேன் பிடிக்க வேண்டும். அதனால் தண்டை மூன்று துண்டாக்கி, பித்தளைக் குழாய் போட்டு இணைத்தார்கள். முதலில் பிவிசி குழாயில் ஒன்று, நீளமும் வளைவும் பார்க்க மட்டும். அப்புறம் பனந்தண்டில், தோல் நாணும் மணியும் கட்டி ஒன்று. வீசுகோலால் நாணைத் தட்டினால் மணிச் சத்தத்தோடு இணைப்பும் கிர்ரென்று அதிர்ந்தது. குடத்தின் கழுத்தில் வைத்துக் கட்டியதும் அந்த அதிர்வு குடத்துக்குள்ளும் இறங்கியது. பார்க்க வந்த அண்ணாவி (வில்லுப்பாட்டுக் குழுவின் ஆசான்) குடத்தருகே குனிந்து கேட்டுவிட்டு, "பூண் இறுகல மக்களே" என்றார். சைக்கிள் டியூப் ரப்பரை உள்ளே சுற்றினார்கள். கிர்ர் அடங்கியது, நாணின் ஒலியும் மந்தமாகிவிட்டது. இப்போது ரப்பரை எடுத்துவிட்டு மர ஆப்பு வைத்துப் பார்க்கிறார்கள்.

அறிக்கையில் அந்தக் குழாய்க்கு 'இணைப்புறை' என்று எழுதியிருந்தார்கள். அடித்துவிட்டு, அண்ணாவி சொன்ன 'பூண்' என்றே போடச் சொன்னேன். உலக்கை முனையில் மாட்டும் இரும்பு வளையமான உலக்கைப் பூண் தெரியாதவர் உண்டா?

புரோட்டோடைப்புக்குப் பட்டறையில் அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. ஆசாரிமார் 'மாதிரி' என்கிறார்கள். சாம்பிளுக்கும் அதே சொல்தான். ஆகவே 'முன்னுரு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. முன்னுருவை, முன்னுருவில், முன்னுருவாக்கம் என்று தடங்கலில்லாமல் வருகிறது. அடை சேர்த்தால் எந்தக் கட்டம் என்பதும் தெரியும்: பிவிசியில் செய்தது தோற்ற முன்னுரு, பனையில் செய்தது ஒலி முன்னுரு.

'வெள்ளோட்டம்' என்று சொன்ன அண்ணனுக்கு: அருமையான சொல். ஆனால் தேரையோ படகையோ முதலில் ஓட்டிப் பார்க்கும் நிகழ்வுக்குத்தான் அது பெயர், செய்த பொருளுக்கு ஆகாது. இந்த வில் முதன்முதலாக ஓர் இசக்கியம்மன் கொடையில் ஏறும்போது 'வெள்ளோட்டம்' என்றே எழுதுவோம்.

வில்லில் கை வைக்கலாமா என்று இன்னொருவர் வருந்தியிருந்தார். சுடலைமாடன் கதை பாடிய வில்லில்தான் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதை பாடினார். ஒலி கெடாதவரை மாற்றம் தாங்கும் கருவி அது. அந்த ஒலியைக் காப்பாற்றத்தான் பிள்ளைகள் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

'முன்னுரு' வேறு துறையில் வேறு பொருளில் புழங்கினால் தெரிவியுங்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு, அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். மாணவர்களிடம் அப்படியே காட்டுகிறேன்.