மறு: மருத்துவப் படங்களுக்கு 'அமுக்கம்' வேண்டாமே

> 'இழப்பிலா அமுக்கம்' ஏற்கெனவே கணினித் துறையில் புழங்குகிறது. மருத்துவத்துக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

வணக்கமுங்க அண்ணா.

கோப்பின் அளவைக் குறைக்கும் 'கம்ப்ரஷன்' என்பதற்குப் பொதுவான கணினி நூலில் 'அமுக்கம்' போதும். ஆனால் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தமிழில் எழுதினால் 'நரம்பு அமுக்கம்' என்று ஒரு வரி வரும். அதே திரையின் மூலையில் 'அமுக்கம் 10:1' என்றும் இருந்தால் படிப்பவர் குழம்பமாட்டாரா? 'சுருக்கம்' என்றால் ரத்தக்குழாய்ச் சுருக்கம் வந்து நிற்கிறது. 'இறுக்கம்' என்றால் மன இறுக்கம். மூன்றுமே நோயாளியின் சீட்டில் ஏற்கெனவே இடம்பிடித்த சொற்கள்.

என் பரிந்துரை 'குறுக்கம்'. ஐகாரக் குறுக்கத்தில் இரண்டு மாத்திரை ஒன்றரையாகவோ ஒன்றாகவோ குறைகிறது. ஆனாலும் எழுத்து ஐகாரம்தான். படக்கோப்பும் அப்படித்தான், அளவு குறைந்தாலும் படம் அதே படம்.

சரி, 'இழப்பிலா'வுக்கு வருகிறேன். எனக்கு உண்மையான தகராறு இதில்தான். மூன்று வேறு வேறு சங்கதிகளை இந்த ஒரே சொல்லில் கட்டப் பார்க்கிறோம்.

சி.டி. ஸ்கேனின் ஒரு வெட்டுப்படம் 512×512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்.பி. ஆயிரம் வெட்டு எடுத்தால் 500 எம்.பி.யைத் தாண்டிவிடும். படக்கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக்-எல்.எஸ். முறை பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கிறது. கோப்பு பாதியோ மூன்றில் ஒரு பங்கோ ஆகும், அவ்வளவுதான். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், பஞ்சுப் பேலைப் பிரித்து எடை போட்டால் குண்டுமணி குறையாது. இதற்கு 'மீள்குறுக்கம்' சரியாக இருக்கும்.

அதே முறையில் ஒவ்வொரு புள்ளியும் இத்தனை எண்ணுக்கு மேல் பிசகாது என்று வரம்பு கட்டலாம். அது 'வரம்பிழப்புக் குறுக்கம்'. இந்த உறுதி கணக்கு தருவது. நோயைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் சிக்கலானது. ஜேபெக் 2000 போன்ற முறையில் நன்றாகவே குறைத்துவிட்டு, மருத்துவரின் முடிவு மாறாதவரை சரி என்கிறார்கள். ஐரோப்பிய கதிரியக்கவியல் சங்கம் 2011-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை பேசுவது இதைப் பற்றித்தான். இங்கே இழப்பு உண்டு, திரும்பவும் வராது. இதைப் போய் 'இழப்பிலா' என்றால் பொய். 'நோய்மறையாக் குறுக்கம்' என்று சொல்லலாமா? (தாராபுரத்தில் எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப்பெட்டியில் மாட்டி, செல்போனில் படம்பிடித்துக் கோவைக்கு அனுப்புகிறார்களே, அது நோய்மறைக்கும் குறுக்கம்! மயிரிழை எலும்பு முறிவு அதில் எங்கே தெரியப்போகிறது?)

இன்னொன்று. மருத்துவப் படங்களைச் சேமிக்கவும் பரிமாறவும் உள்ள டைகாம் தரத்தில் இழப்புக் குறுக்கம் பட்டதா என்று சொல்ல ஒரு புலம் இருக்கிறது. ஒருமுறை '01' (பட்டது) விழுந்தால் அப்புறம் அதை '00' (படவில்லை) ஆக்கக் கூடாது, எந்த முறையில் திரும்பச் சேமித்தாலும் சரி. திரையில் அதற்கு 'மீளாக்குறுக்கம்' என்று காட்டலாம்.

---

> 'நோய்மறையாக் குறுக்கம்' என்று சொல்லலாமா?

தம்பி, 'குறுக்கம்' எனக்குச் சம்மதம். 'மீள்', 'மீளா' இரண்டும் நன்று. 'நோய்மறையா'வுக்குத்தான் ஒப்பமாட்டேன். அது உத்தரவாதம் போல் ஒலிக்கிறது. மென்பொருள் விற்பவர் அட்டையில் அச்சடித்துக்கொண்டு வந்துவிடுவார். மார்பு எக்ஸ்ரேயில் பாதகமில்லாத விகிதம் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) நுண் சுண்ணப் புள்ளிகளை அழித்துவிடக்கூடும். அமெரிக்காவில் மேமோகிராமை இறுதியாகப் படித்து முடிவு சொல்லவோ சேமித்துவைக்கவோ மீளாக்குறுக்கத்தை எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) அனுமதிப்பதில்லை. படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்பவர் மருத்துவர். அந்த ஒப்புதல் சொல்லிலேயே தெரிய வேண்டும். 'நோயறி ஏற்புக் குறுக்கம்' என்று வைப்போம், முன்னால் உறுப்பின் பெயரையும் சேர்த்து: 'மார்பு நோயறி ஏற்புக் குறுக்கம், 10:1'. நீளம்தான். திரையில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், உறுப்பின் பெயரை வெட்டாதீர்கள்.