படகு ட்ரெய்லருக்கு எந்த பிரேக் கட்டுப்படுத்தி பொருத்தமானது?

உட்துறைமுகவாசி:
வணக்கம். இருபதடி ஃபைபர் படகொன்றை இரட்டை அச்சு ட்ரெய்லரில் ஏற்றி டபுள் கெப் வாகனத்தால் இழுக்கவிருக்கிறேன். எஞ்சினும் எரிபொருளும் சேர்ந்து மொத்த எடை ஏறத்தாழ 1,800 கிலோ. நிலாவெளியில் கடலில் இறக்குவதும், பழுதுபார்க்க நீர்கொழும்புக்குக் கொண்டுபோவதுமே அதன் வேலை. நான்கு சக்கரங்களிலும் மின்காந்த டிரம் பிரேக் பூட்டி, சாரதி இருக்கையருகே ஒரு கட்டுப்படுத்தி வைக்க எண்ணுகிறேன். நேர இடைவெளி வகை மலிவு. வேகத்தணிவை உணரும் வகை விலை கூடியது. கூடுதல் பணத்துக்கு அதில் பயன் உண்டா?

கந்தளாய்ச் சாரதி:
நிச்சயமாக உண்டு. நேர இடைவெளி வகை, நிறுத்த விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கண்டவுடன், நீங்கள் முன்பே குறித்து வைத்த அளவுவரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகும். மிதியை மெதுவாகத் தொட்டீர்களா, முழு வலுவோடு மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. மற்ற வகைக்குள் ஓர் உணரி இருக்கிறது. வாகனம் எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறதோ அந்த அளவுக்கு ட்ரெய்லரின் காந்தங்களுக்கு உடனே மின்சாரம் அனுப்பும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் அந்திப்பொழுதில், காட்டோரத்திலிருந்து யானை வீதியில் ஏறும்போது, ட்ரெய்லர் முழு வலுவை எட்டட்டும் என்று காத்திருக்க இடமில்லை. அந்தக் கணத்தில் 1,800 கிலோவும் பின்னிருந்து தள்ளும். வாகனம் சற்றே திரும்பியிருந்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் மடங்கிவிடும்.

பாலையூற்றுப் பொறிவினைஞர்:
சாரதி அண்ணன் சொல்லும் ஆபத்தை மறுக்கவில்லை. ஆனால் விலை உயர்ந்த பெட்டி மட்டும் அதைத் தீர்த்துவிடும் என்பதை ஏற்க மாட்டேன். பெரும்பாலும் கோளாறு கம்பியில்தான் இருக்கும். ஒரு காந்தத்துக்கு ஏறத்தாழ 3 அம்பியர் என்றால் நான்குக்கும் 12 அம்பியர் வேண்டும்; மெல்லிய கம்பியை வாகனத்தின் முன்னிருந்து ட்ரெய்லரின் பின்அச்சுவரை இழுத்தால் வழியிலேயே வோல்ட் இறங்கி, எந்தக் கட்டுப்படுத்தியாக இருந்தாலும் பிரேக் அரைகுறையாகவே பிடிக்கும். அடுத்தது அளவு குறித்தல். வெறுமையான தார்வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓட்டி, கட்டுப்படுத்தியில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கைநெம்பை இழுத்துப் பார்த்து, ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே அளவை நிறுத்த வேண்டும். படகு ஏறியிருக்கும்போது ஓர் அளவு, வெறும் ட்ரெய்லருக்கு வேறோர் அளவு. இதை ஒழுங்காகச் செய்தால் மலிவான வகையும் மோசமில்லை.

கொட்பே மீனவன்:
நீங்கள் இருவரும் கட்டுப்படுத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். உப்புத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மின்காந்த டிரம் பிரேக்கைக் கடலில் முக்கி எடுத்தால், காந்தமும் அதன் இணைப்புகளும் நெம்புகளும் அரிபட்டுப் போகும். நல்ல தண்ணீரால் கழுவினாலும் டிரம்முக்குள் தேங்கும் உப்பு முழுவதும் வெளியேறாது. படகு ட்ரெய்லருக்கு உந்துவிசை ஹைட்ராலிக் பிரேக்கும் துருப்பிடிக்காத டிஸ்க்கும்தான் சரி. வாகனம் வேகம் குறைய, ட்ரெய்லர் முன்னோக்கி உந்தும். அந்த உந்தலே இணைப்புத் தலையிலுள்ள உருளையை அமுக்கி பிரேக் பிடிக்க வைக்கும். வாகனத்துக்குள் கட்டுப்படுத்தியே தேவையில்லை.

கந்தளாய்ச் சாரதி:
உப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், தீர்வை ஏற்கவில்லை. உந்துவிசை பிரேக்கில் கைநெம்பு கிடையாது. ட்ரெய்லர் ஆடத் தொடங்கும்போது, வாகனத்தின் பிரேக்கைத் தொடாமல் ட்ரெய்லரை மட்டும் மெல்லப் பிடித்து நேராக்கும் வழி கட்டுப்படுத்தி உள்ளவருக்கே உண்டு. நீண்ட இறக்கத்தில் உந்தல் நிற்காமல் இருப்பதால் பிரேக் ஓயாமல் உரசிச் சூடேறும். அத்தோடு, மென்மணலில் பின்னோக்கித் தள்ளும்போது இணைப்பு அமுங்கி பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் வால்வு பின்செல்லும் விளக்கின் மின்சாரத்தில் இயங்குவது. தண்ணீருக்குள் இறக்குமுன் விளக்குச் செருகியைக் கழற்றுவதுதானே நல்ல வழக்கம்? கழற்றினால் அந்த வால்வும் இயங்காதே.

கொட்பே மீனவன்:
இங்கிருந்து தம்புள்ளை, குருநாகல் வழியாக நீர்கொழும்பு போகிறவருக்கு அப்படிப்பட்ட இறக்கம் எங்கே வருகிறது? கடுகண்ணாவைப் பக்கம் போகிறவருக்கு அந்தக் கவலை பொருந்தும். தண்ணீரை நோக்கிய சரிவில் ட்ரெய்லர் தன் எடையாலேயே இழுபடும், இணைப்பு அமுங்காது. மணல்பகுதியைச் செருகியோடு கடந்து, நீர்விளிம்பில் நிறுத்திக் கழற்றினால் போதும். ஆட்டத்துக்கோ முதல் மருந்து ஏற்றும் முறை: இணைப்பு முனையில் மொத்த எடையின் பத்திலொரு பங்கு அளவு இறங்கும்படி படகை முன்னே நகர்த்தி வைத்தால், கைநெம்பைத் தேடும் நிலை பெரும்பாலும் வராது.

பாலையூற்றுப் பொறிவினைஞர்:
பெரும்பாலும் என்ற சொல்லுக்குள் உயிர் இருக்கிறது, அண்ணன். இருவரும் கேட்பதைத் தரும் மூன்றாவது ஏற்பாடு ஒன்று உண்டு. ட்ரெய்லரின் முன்பகுதியில், தண்ணீர் எட்டாத உயரத்தில், மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பம்பி இருக்கும். சக்கரத்தில் டிஸ்க் மட்டும், காந்தம் இல்லை. வாகனத்துக்குள் வேகத்தணிவை உணரும் கட்டுப்படுத்தி, கைநெம்போடு. இங்கே விலை கூடிய வகைக்கான வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் எல்லாக் கட்டுப்படுத்திகளும் இந்தப் பம்பியோடு ஒத்துப்போவதில்லை. டெகோன்ஷாவின் பிரோடிஜி பி3 போன்றவற்றில் காந்த பிரேக்குக்கும் ஹைட்ராலிக் பம்பிக்கும் தனித்தனித் தெரிவு இருக்கிறது. டிரம்முக்குரிய பம்பி ஏறத்தாழ 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தம் தரும். டிஸ்க்குக்கு 1,600 வேண்டும். மாற்றி வாங்கிவிட்டால் திரும்பவும் செலவுதான்.

உட்துறைமுகவாசி:
காந்த டிரம் பிரேக் எண்ணத்தைக் கைவிடுகிறேன். பம்பி ஏற்பாட்டின் விலை என் கையை மீறினால் உந்துவிசை முறையை எடுத்துக்கொள்ளலாமா, சாரதி அண்ணன்?

கந்தளாய்ச் சாரதி:
கடலுக்கு ஏற்ற பிரேக் முதலில், கட்டுப்படுத்தி பிறகு என்ற வரிசையை மறுக்க எனக்குக் காரணமில்லை. உந்துவிசை முறையை எடுத்தால் அந்தியில் ஹபரணை வீதியில் இழுக்காதீர்கள்; விடிந்த பிறகு புறப்படுங்கள். எதைப் பூட்டினாலும், ட்ரெய்லர் கழன்றால் தானாக பிரேக் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். பம்பி முறையானால் அந்த ஏற்பாட்டுக்குரிய பற்றரியைப் புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

கொட்பே மீனவன்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. நீர்விளிம்பில் சக்கரக் குடம் ஆறும்வரை பொறுத்திருந்து இறக்குங்கள். சூடான குடம் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, சீல் வழியாகக் கடல்நீரை உள்ளே இழுத்து பெயாரிங்கைக் கெடுத்துவிடும்.