ஃபிளேம் டங் வாளை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம், ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான். ஃபைட்டருக்கு (போர்வீரர் பாத்திரம்) ஆசையாக ஃபிளேம் டங் என்ற மந்திர வாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை) தீச்சேதம். இப்போது ஐந்தாம் லெவல், சுற்றுக்கு இரண்டு அடி. இரண்டும் பட்டால் தீ மட்டுமே சராசரியாக 14! ரோக் (திருடன் பாத்திரம்) ஆடுபவர் கொட்டாவி விடுகிறார். விதியை மாற்றலாமா?

பதில் 1:
சுற்றில் முதல் அடிக்கு மட்டும் தீ என்று வையுங்கள். வாளையே பிடுங்கினால் மனஸ்தாபம்தான்.

பதில் 2:
இருக்கும் விதியை முதலில் அமல்படுத்துங்கள். வாளைப் பற்றவைக்க, சுற்றுக்கு ஒரு முறையே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் போகும். எரிகிற வாள் 40 அடி தூரத்துக்குப் பளிச்சென்று வெளிச்சம் போடும், பதுங்கிப் போக முடியாது. அப்புறம், ஹெல் ஹவுண்ட் என்ற நரக நாய்க்குத் தீ உறைக்கவே உறைக்காது.

கேட்டவர்:
வெளிச்சத்தை எங்கள் மேசையில் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை! சரி, அதிலிருந்து தொடங்குகிறேன். தினம் ஹெல் ஹவுண்டை இறக்கினால் பழிவாங்குவது போலாகிவிடும்.